தண்ணீரில் நிற்பது

அச்சுதனால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. அவனுக்கு வந்த கேடு அது ஒன்றுதான். நடந்தான், ஆபீசுக்குப் போனான், ஃபைல் பார்த்தான், ராத்திரி படுத்தால் தூக்கம்கூட வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தால் மட்டும் கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. தரை காலுக்கடியிலிருந்து நழுவியது. கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு ஒருவருக்கு இது வந்திருந்தால் மேலே பார்க்காமலே மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பார். அச்சுதன் பாட்மின்டன் ஆட்டக்காரன். உயரத்திலிருந்து இறங்கும் ஷட்டிலை அண்ணாந்து பார்க்க முடியாதவனுக்குக் கோர்ட்டில் வேலை இல்லை.

மத்திய அரசில் அவனுக்கு வேலை கிடைத்ததே விளையாட்டுக் கோட்டாவில்தான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடத் தொடங்கி, தில்லி அணி வரை போய், பிறகு தன் அமைச்சகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதாகியும் அமைச்சகங்களுக்கு இடையிலான போட்டியில் அவன்தான் கேப்டன். பதவி உயர்வு வராததைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை. செக்‌ஷனில் அவனை யாரும் அசிஸ்டென்ட் என்று நினைத்ததும் இல்லை, பிளேயர் என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டு மழைக்காலத்தில் சஃப்தர்ஜங் பக்கம் ஸ்கூட்டர் வழுக்கி, சாலை நடுவிலிருந்த மீடியனில் தலை மோதியது. ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் வலது காதின் உட்புறம் அடிபட்டுவிட்டது. உடம்பு சாய்கிறதா நிமிர்கிறதா என்று மூளைக்குச் சொல்கிற கருவி காதுக்குள் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரியும். வலப்பக்கத்துக் கருவி போய்விட்டது, இடது காதும் கண்ணும் பாதமும் சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு கற்றுக்கொள்ளும் என்று கேட்டதற்கு அவர் நேரான பதில் சொல்லவில்லை. ஆபீசிலும் அக்கம்பக்கத்திலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: ரெஸ்ட் எடுங்கோ, எல்லாம் திரும்பி வந்துடும்.

மனைவி ருக்கு அப்படிச் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. திருச்சியில் வளர்ந்தவள், கல்யாணமாகித் தில்லிக்கு வந்ததும் தமிழ்ப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். விளையாட்டுக்கும் அவளுக்கும் தூரம். வந்த புதிதில் தனக்கும் பாட்மின்டன் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டாள். இரண்டு நாள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, உனக்கு வராது என்று அவன் சொன்னான். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

பிஸியோதெரபிக்குப் போன இடத்தில் ஜெயபாலைப் பார்த்தான். ஜெயபாலின் அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்கென்று விழுப்புரத்திலிருந்து தில்லிக்கு வந்தவர்கள். அவன் திரிலோக்புரியில் பிறந்து, இந்தியில் படித்து, பிஸியோதெரபிஸ்ட் ஆனவன். பேசுகிற தமிழ் அம்மாவிடம் கற்றது. பாதிக்குமேல் இந்தி கலந்தது. தலையணைமேல் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், கோட்டின்மேல் குதிகாலை விரலோடு ஒட்டி நடங்கள், இந்த வட்டப் பலகைமேல் ஏறி ஆடாமல் நில்லுங்கள் என்று அவன் சொல்வான். அச்சுதன் செய்வான், சாய்வான், ஜெயபால் பிடித்துக்கொள்வான். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல இருந்தது. ஒருநாள் வட்டப் பலகையை அச்சுதன் காலால் எற்றினான். அது சுவரில் போய் மோதி, பக்கத்துப் படுக்கையில் இருந்த வயதான சர்தார்ஜியைத் திடுக்கிடவைத்தது. ஜெயபால் கோபப்படவில்லை. பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறதா என்று கேட்டான்.

அவனிடம் இரண்டு பலகைகள் இருந்தன. சாணக்யபுரியில் ஒரு தூதரக அதிகாரிக்கு அவன் முதுகு வைத்தியம் பார்த்தான். அந்த மனிதர் ஊர் திரும்பும்போது தன்னுடைய நீர்ப்பலகைகளை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம், படுத்தால் தோளுக்குத் தோள் அகலம். தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் எழுந்து நின்று, நீண்ட துடுப்பால் வலித்துக்கொண்டு போகவேண்டும். தில்லியில் அப்போது அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். காதின் வேலையைப் பாதத்துக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று ஜெயபால் நம்பினான். டாக்டர் முதலில் மறுத்தார். பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில், வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டு ஆள் ருக்கு. மகள் மேதாவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, ஜெயபாலின் மாருதி வேனில், கூரையில் கட்டிய பலகைகளோடு அவர்கள் பல்ஸ்வா ஏரிக்குப் போனார்கள்.

வடக்கு தில்லியின் ஓரத்தில், குதிரை லாடம்போல வளைந்து கிடக்கிறது அந்த ஏரி. ஒரு கரையில் பெடல் படகுகள், சுண்டல்காரன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எதிர்க்கரையில் மாட்டுக் கொட்டகைகள். எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தண்ணீரில் கிடக்கும். அதற்கும் அப்பால், ஊரின் குப்பையெல்லாம் வந்து குவிந்து உண்டான மலை. அதன் உச்சியில் லாரிகள் எறும்புபோல ஊரும், மேலே பருந்துகள் சுற்றும். அடுத்த வருஷம் மே மாதத் தொடக்கம். காலையிலேயே வெயில் முதுகைச் சுட்டது.

ஜெயபால் சொல்லிக்கொடுத்தது கேட்பதற்கு எளிதாக இருந்தது. பலகையின் நடுவில் மண்டிபோடு. கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொள், விழுந்தால் பலகை ஓடிப்போகாது. துடுப்பைக் குறுக்கே வைத்து ஊன்றிக்கொண்டு ஒரு காலை எடுத்து வை, அப்புறம் மற்றொன்று, மெள்ள நிமிர். பாதங்கள் இணையாக, இடுப்பகலத்துக்கு இருக்கட்டும். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். கீழே பார்க்காதே, தூரத்தில் அசையாத ஒன்றைப் பார். அந்தப் பக்கத்தில் அசையாமல் நின்றது குப்பை மலை ஒன்றுதான். அதையே பார்க்கச் சொன்னான்.

அச்சுதன் மண்டிபோட்டுத் துடுப்பு வலித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தோளிலும் மணிக்கட்டிலும் பழைய வலு அப்படியே இருந்தது. பலகை அம்புபோலப் போயிற்று. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தான். துடுப்பின் அலகை முன்பின் மாற்றிப் பிடித்திருக்கிறான் என்று ஜெயபால் கரையிலிருந்து சொன்னது மட்டும் பிடிக்கவில்லை. திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுந்தான்.

வலது கால் வைத்தவுடன் பலகை வலப்பக்கம் அமுங்கியது. இடப்பக்கம் சாய்ந்தான். இடப்பக்கம் அமுங்கியது. குப்பை மலை ஒரு பக்கம் போயிற்று, வானம் ஒரு பக்கம் வந்தது. அழுக்குத் தண்ணீர் மூக்கில் ஏற, பாசி நாற்றத்தோடு எழுந்து நின்றான். இடுப்பளவுதான் தண்ணீர். மறுபடி ஏறினான், மறுபடி விழுந்தான். பலகைமேல் வயிற்றால் தவழ்ந்து ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. லைஃப் ஜாக்கெட் விளிம்பில் இடறியது, முழங்கை சிராய்த்தது. பெடல் படகில் போன ஒரு குடும்பம் இதற்காகவே படகை நிறுத்திவிட்டது. அங்க்கிள் மறுபடி விழுந்துட்டார் என்று இந்தியில் ஒரு குரல் ஒவ்வொரு தடவையும் அறிவித்தது. கோர்ட்டில் அவன் ஆடும்போது இப்படிக் கூட்டம் நின்று பார்த்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக ஏறினான், இன்னும் வேகமாக விழுந்தான்.

ஜெயபால் தண்ணீரில் இறங்கி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“சார், நீங்க ரொம்ப ஜல்தி பண்றீங்க. போர்டு கொஞ்சம் ஆடினா உடனே பதில் சொல்றீங்க, ஷட்டில் வந்த மாதிரி. தண்ணி ஆடத்தான் ஆடும். அதுக்குப் பதில் சொல்லக் கூடாது. ஆட விடுங்க, அவ்ளோதான்.”

அச்சுதனுக்கு அது புரியாத பேச்சாகப் பட்டது. பதில் சொல்லாமல் நிற்பது எப்படி? பத்து வயதிலிருந்து அவன் உடம்பு கற்றதெல்லாம் பதில் சொல்வதுதான். எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறானோ அவ்வளவு நல்ல ஆட்டக்காரன். அன்று மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியபோது அவன் ஒரு தடவைகூட நின்றிருக்கவில்லை. மாடிப்படி ஏறும்போதும் உடம்புக்குள் ஏரி ஆடிக்கொண்டிருந்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறும் அதேதான். அவன் களைத்துக் கரையேறி உட்கார்ந்திருந்தபோது, பாபிஜி நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன் என்று ஜெயபால், அண்ணியைக் கூப்பிடும் இந்தி முறையில், ருக்குவைக் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். பிறகு அச்சுதனைப் பார்த்தாள். வெயிலுக்கு நன்றாக இருக்கும், போயேன் என்று அவனும் சொன்னான். அவள் விழுவதைப் பார்க்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது அவனுக்கு.

சல்வார் கமீஸின்மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ருக்கு ஏறினாள். நீச்சல் தெரியாது, பயந்தாள். கொஞ்ச நேரம் மண்டிபோட்டபடியே பலகையின் இரு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயபால் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக, பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் படிக்கிற நிதானத்தோடு செய்தாள். முதல் தடவை எழுந்தபோது பொத்தென்று விழுந்தாள். எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஏறினாள். இரண்டாவது தடவை நின்றாள்.

பலகை ஆடியது. அவளும் ஆடினாள். அவளுடைய முழங்கால்கள் தாமாகவே மடங்கி நிமிர்ந்தன. அவள் எதையும் தடுக்கப் பார்க்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் விட்டு ஒரு தடவை வலித்தாள். பலகை முன்னால் போனதும் அவள் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. பெடல் படகுக்காரர்கள் கைதட்டினார்கள். ஆழம் இல்லாத அந்த ஓரத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வந்தாள். ஜெயபால் அவளோடு கூடவே தண்ணீரில் நடந்தான், சந்தோஷத்தில் தமிழை மறந்து முழுக்க இந்தியில் பேசிக்கொண்டு.

திரும்பி வரும் வழியில் அச்சுதன் முன் இருக்கையில் சிராய்த்த முழங்கையைத் தடவிக்கொண்டு வந்தான். ஆஸாத்பூர் மண்டி நெரிசலில் வேன் நின்று நின்று போயிற்று. பின் இருக்கையில் ருக்கு ஈரத் தலைமுடியைத் துவட்டிக்கொண்டு, பாதத்துக்கடியில் பலகை எப்படி இருந்தது என்று ஜெயபாலிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பேச ஆளில்லை. அவனிடமே வந்து, நாளைக்குக் கால் வலிக்குமோ என்று கேட்டாள்.

“உனக்கு எதுக்கு வலிக்கப் போறது. கீழ் கனம் ஜாஸ்தி. பலகை எப்படிக் கவிழும்?” என்றான் அச்சுதன்.

சொன்னவுடனே, அது வாயை விட்டு வந்திருக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. ருக்கு அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினாள். அன்றைக்கு இரவும் மறுநாளும் தேவையான வார்த்தைகள் மட்டும் பேசினாள். அவன் மன்னிப்புக் கேட்க நினைத்தான். கேட்கப் போகும்போதெல்லாம், அவள் தண்ணீர்மேல் நின்ற காட்சி குறுக்கே வந்தது. இரண்டே தடவை. உடம்பென்றால் என்னவென்று தெரியாத ஒருத்திக்கு இரண்டே தடவையில். இருபத்தைந்து வருஷம் உடம்பை மட்டுமே நம்பி வாழ்ந்தவனுக்கு இல்லை. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அவன் யாரிடம் கேட்பது?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலுக்கு மத்தியானம் வரை வேறு வேலை இருந்ததால் சாயங்காலமாகத்தான் ஏரிக்குப் போனார்கள். காற்றே இல்லை. புழுக்கம் தாங்கமுடியாமல் இருந்தது. இரண்டு பலகைகளையும் தண்ணீரில் இறக்கினான் ஜெயபால். ருக்கு ஏறவில்லை. வேப்பமரத்தடியில் விடைத்தாள்களோடு உட்கார்ந்துவிட்டாள். தலைவலி என்றாள்.

அச்சுதன் ஏறினான், விழுந்தான், ஏறினான். ஒரு தடவை, தன்னையறியாமல் ஒரு கணம் நின்றுகூட விட்டான். நிற்கிறோம் என்று தெரிந்தவுடன் உடம்பு முழுக்க இறுகி, மல்லாந்து விழுந்தான். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியபோது ருக்கு விடைத்தாளைப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தது தெரிந்தது. பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலக் குனிந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். டீ வாங்கிவருகிறேன் என்று ஜெயபால் நழுவினான். தான் வரும்வரை தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

“தலைவலி இல்லை உனக்கு,” என்றான் அச்சுதன்.

“இல்லை.”

“பின்ன ஏன் ஏறலை?”

“நான் ஏறாம இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் சிரமம் குறையும்னு நினைச்சேன்.”

“எனக்காக யாரும் தோத்துக்கொடுக்க வேண்டாம்.”

ருக்கு சிவப்புப் பேனாவை மூடினாள். “இது மேட்ச் இல்லை. நான் யாரையும் ஜெயிக்கறதுக்கு ஏறலை. அங்க நின்னது எனக்குப் பிடிச்சிருந்தது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு பிடிச்சுது, அதையும் உங்க மூஞ்சியைப் பார்த்துண்டு விட்டுட்டேன். அதுக்கும் கோவிச்சுக்கறேள். நான் என்னதான் பண்ணணும்? நீங்களே சொல்லுங்கோ.”

 ஆத்திரத்தில் அவன் திரும்பி நடந்து, தண்ணீரில் இறங்கி, பலகையில் மண்டிபோட்டு வலிக்கத் தொடங்கினான். அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரின் எல்லைக்கு ஜெயபால் நட்டு வைத்திருந்த மூங்கில் கழியைத் தாண்டினான். தோள் வலிக்க வலிக்க வலித்தான். மண்டிபோட்டுப் போவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. இந்த ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

நடு ஏரிக்கு வந்தபோதுதான் வெளிச்சம் மாறியதைக் கவனித்தான். மேற்கே வானம் செங்கல் நிறமாக இருந்தது. குப்பை மலைமேல் சுற்றிக்கொண்டிருந்த பருந்துகளைக் காணவில்லை. கரையில் படகுக்காரர்கள் கத்துவது கேட்டது. ஆந்தி, ஆந்தி என்றார்கள். தில்லிக்காரனுக்கு அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. மே மாதப் புழுதிப் புயல் வருவதற்கு முன்னால் இப்படித்தான் காற்று செத்துக் கிடக்கும். பலகையைத் திருப்புவதற்குள் அது வந்துவிட்டது.

முதல் அடியில் துடுப்பு கையை விட்டுப் போயிற்று. புழுதி கண்ணை அப்பியது. படகுக் கரையிலிருந்து பறந்துவந்த பிளாஸ்டிக் பைகள் முகத்திலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டன. மலை இல்லை, கரை இல்லை, வானமும் தண்ணீரும் ஒரே பழுப்பு. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள அசையாத பொருள் ஒன்றுகூட இல்லாமல் போனதும், அவன் தலைக்குள் எல்லாம் சுழலத் தொடங்கியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. குப்புறப் படுத்து இரண்டு கையாலும் பலகையைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தான். காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, கால் கயிறு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தது. உடம்பு அதை நம்பவில்லை.

ஏதோ வந்து பலகையில் இடித்தது. ஒரு கை அவன் ஜாக்கெட்டைப் பிடித்தது. ருக்கு. மற்றொரு பலகையில் மண்டிபோட்டு வந்திருந்தாள். காற்று அவள் பின்னாலிருந்து வீசியதால் வந்துசேர்வது சுலபமாக இருந்தது. திரும்பிப் போவதுதான் முடியாத காரியம். அவள் முயலவும் இல்லை. அவனுடைய கால் கயிற்றை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறுகையிலிருந்த துடுப்பால் கவிழாமல் மட்டும் பார்த்துக்கொண்டாள். கண்ணை மூடிண்டு படுத்திருங்கோ, எழுந்துக்காதீங்கோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் படுத்திருந்தான். இரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு காற்று கொண்டுபோன வழியில் போய், எதிர்க்கரைச் சேற்றில் தட்டி நின்றன.

சேறும் சாணமும் முழங்கால் வரை ஏறியது. பக்கத்தில் எருமைகள் அசையாமல் நின்றன. ருக்கு ஒரு பலகையை நிமிர்த்திக் கருவேல மரத்தில் சாய்த்து, அதன் மறைவில் அவனை உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்து துப்பட்டாவால் இரண்டு பேருடைய முகத்தையும் மூடினாள். பலகையின்மேல் மணலும் சுள்ளியும் வந்து விழுந்தபடி இருந்தன. அவள் உடம்பு நடுங்குவது தோளில் தெரிந்தது. பயந்துதான் வந்திருக்கிறாள், நீச்சல் தெரியாதவள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமல் அச்சுதன் சொன்னான்: “எனக்கு ஆட்டம் போயிடுத்து ருக்கு.”

“ஆமாம். போயிடுத்து,” என்றாள் அவள்.

அவனுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இல்லை, திரும்பி வரும் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஊரே சொல்கிறது, இவளுக்கு மட்டும் என்ன? ஆனால் அந்த ஆத்திரம் ஏறுவதற்குள் இறங்கிவிட்டது. இத்தனை மாதங்களில் ஒருவர்கூட அவனிடம் இதைச் சொன்னதில்லை. எல்லோரும் நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி, போனதற்காக அவன் அழக்கூட இடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவன் துப்பட்டாவுக்குள் அழுதான். ருக்கு தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. புழுதியிலிருந்து அவன் கண்ணை மறைத்துத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அழுகை ஓய்ந்தபின், அன்றைக்குத் தப்பான வார்த்தை சொல்லிவிட்டேன் என்றான்.

“சொன்னேள். அது இருக்கும்,” என்றாள் ருக்கு. “சட்டுனு போயிடாது. பார்க்கலாம்.”

பெரிய பெரிய துளிகளாக மழை கொஞ்சம் பெய்து நின்றது. காற்று தணிந்ததும், ஏரியைச் சுற்றிக்கொண்டு ஜெயபால் ஓடிவந்தான். செருப்பில்லாமல், முகமெல்லாம் புழுதியோடு, அழுகிற குரலில் திட்டினான். அவனுடைய தமிழ் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை இந்தியில் திட்டினான். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன், பாபிஜிக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வேன், இனிமேல் இந்தப் பலகைமேல் நீங்கள் கால் வைக்கக்கூடாது. அச்சுதன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அத்தனையும் நியாயமாக இருந்தது.

அந்த வாரமே அமைச்சகத்தின் விளையாட்டுச் செயலரிடம் போய், அணியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான். ஒன்பது மாதமாக அவனுக்காகக் கேப்டன் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். அவர் வழக்கம்போல, என்ன அவசரம், சரியாகிவிடும் என்றார். ஆகாது சார் என்று அச்சுதன் சொன்னான். அதைச் சொல்லிவிட்டு, அமைச்சகம் இருந்த சாஸ்திரி பவன் படிகளில் இறங்கும்போது மனசு லேசாகவெல்லாம் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கேட்டருகில் ஒருவன், என்ன கேப்டன் சாப், எப்போது கோர்ட்டுக்கு வருகிறீர்கள் என்று கேட்டான். அச்சுதன் சிரிக்க முயன்று, முடியாமல், பஸ்ஸைப் பார்க்கிறவன்போலத் திரும்பிக்கொண்டான்.

ஜெயபாலின் கோபம் மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தது. ஆகஸ்டில் அவனே போன் செய்தான். அச்சுதனுக்காக அல்ல, பாபிஜி கேட்டுக்கொண்டதால்தான் என்று வெளிப்படையாகவே சொன்னான். ருக்கு அவனிடம் பேசியிருந்தது அச்சுதனுக்கு அப்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி போனார்கள். மழையில் ஏரி நிறைந்து, எருமைகள் மேட்டுக்கு ஏறியிருந்தன. ருக்கு மூங்கில் கழிக்கு அப்பாலும் போய்வரத் தொடங்கினாள். பக்கத்துத் தெருவிலிருந்த பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் பெண்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அச்சுதன் கழிக்கு இப்பால் விழுந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் அவளையே கேட்டான், எப்படி நிற்கிறாய் என்று. அவளிடம் போய்க் கேட்பது எளிதாக இல்லை. வேன் லக்ஷ்மிபாய் நகர் வந்து சேரும்வரை வாயைத் திறக்க முடியாமல், இறங்கிய பிறகுதான் கேட்டான். ருக்கு யோசித்தாள். கணக்கு டீச்சர், எதையும் படிப்படியாகச் சொல்லத் தெரிந்தவள்.

“எனக்குத் தெரியலையே,” என்றாள். “விழுந்தா விழறேன்னு நிக்கறேன். உங்களுக்கு விழறதுன்னா அவமானம். எனக்கு அது வெறும் ஈரம்.”

அது உபயோகமான பாடமாக அவனுக்குப் படவில்லை. அவமானம் அவமானம்தான், அதை எப்படி ஈரமாக்குவது? அடுத்த ஞாயிறும் விழுந்தான். அதற்கடுத்த ஞாயிறு, பலகை ஓரம் கீறிக் கணுக்காலில் ரத்தம் வந்தது. துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி அடித்தான். ஜெயபால் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவேண்டியதையெல்லாம் அவன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டான்.

செப்டம்பர் கடைசியில், வெயிலின் சூடு இறங்கிய ஒரு காலையில் அச்சுதன் நின்றான். அழகாக இல்லை. முதுகு வளைந்து, பின்பக்கம் துருத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, கழிவறைக்கு அவசரமாகப் போகிறவன்போல நின்றான். கால்கள் தடதடவென்று நடுங்கின. பலகை ஆடியது; பதில் சொல்லத் துடித்த உடம்பைப் பிடித்து நிறுத்த அவன் பட்ட பாட்டில் நெற்றியெல்லாம் வேர்த்தது. யாரும் கைதட்டவில்லை. பெடல் படகுகள் அன்று வேறு பக்கம் இருந்தன. ஜெயபால் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். ருக்கு வெகுதூரத்தில், ஏரியின் வளைவுக்கருகில், முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தவுடனே பலகை சாய்ந்தது. விழுந்தான். வாய் திறந்திருந்ததால் தண்ணீர் தாராளமாக உள்ளே போயிற்று. துப்பினான். கண்ணில் ஒட்டிய பாசியை வழித்தெறிந்தான். சனியன் பிடித்த பலகை என்று திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்து அதை இழுத்து, வயிற்றால் தவழ்ந்து ஏறி, நடுவில் மண்டிபோட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. துடுப்பைக் குறுக்கே ஊன்றி, ஒரு காலை எடுத்து வைத்தான்.